சும்மா சிவப்பு

ஜனவரி 8

அன்புள்ள பல்புக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு சுகம்தானே? இங்கே நானும் உன் மாமாவும் நலம். என் காது மட்டும் போன இடத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. காய்ச்சலோடு கிளம்பிப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இனி வந்தாலும் அதற்கு வீடு அடையாளம் தெரியாது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், மெசேஜ் அனுப்பக் கூடாதா என்று போன தடவை அலுத்துக்கொண்டாய். அனுப்பலாம். ஆனால் செல்போனில் உன்னை முழுசாகத் திட்ட முடியவில்லை. பாதித் திட்டிலேயே சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பி வாயை அடைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டிகளின் விளக்கைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் நீ. உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? எங்கள் சலவை நிலையத்து வேனை நான் ஓட்டுவதும், பக்கத்தில் மாமா உட்கார்ந்து வருவதும் உனக்குத் தெரியும். காலையில் மூன்று மருத்துவமனைகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கு விரிப்புகளை வாங்கி வருகிறோம். எனக்குக் கேட்காததை எல்லாம் அவர் என் முழங்காலில் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் பின்னால் ஹாரன். இரண்டு தட்டு என்றால் ஆம்புலன்ஸ். மூன்று தட்டு என்றால் அவருக்கு டீ வேண்டும்.

போகிற வழியில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. சாலை அதற்கு அடியில் இறங்கி ஏறும். உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. இப்போது வருகிற கார்களில் விளக்கு தானாகவே எரிகிறதாமே? வெயிலில் போய்க்கொண்டிருக்கிற கார் அந்த இருட்டுக்குள் மூக்கை நுழைத்ததும் பின்பக்கம் சிவப்பு பளிச்சென்று வருகிறது. பிரேக் போட்டுவிட்டான் என்று நானும் ஓங்கி மிதிக்கிறேன். அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். என் வேனுக்குள் அடுக்கி வைத்த விரிப்பெல்லாம் சரிந்து விழுகிறது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான் போலிருக்கிறது, மாமா தட்டித் தட்டி என் முழங்கால் கன்றிப்போய்விட்டது. நேற்று மேனேஜர் கேட்டார்: "ஏம்மா, வெளுத்த துணி எது, அழுக்குத் துணி எதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கே தெரியலையாம்?"

மற்றவர்களுக்கு டயர் தேய்கிற சத்தம், ஹாரன் என்று ஏதாவது ஒன்று துணைக்கு வரும். சாலையில் என்னிடம் பேசுவது அந்தச் சிவப்பு ஒன்றுதான். அதுவும் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? எது பிரேக், எது வெறும் விளக்கு என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

—

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

பல்பு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கொஞ்சம் இருமல் இருக்கிறது, அது பக்கத்துக் கொட்டகையில் புகைப் பரிசோதனை செய்கிறவரின் உபயம். உன் முழங்காலுக்கு என் அனுதாபம். மாமாவின் டீக்கணக்கைக் குறைத்தால் அது பாதி ஆறிவிடும்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கார்களில் முன்கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால் அதுவே விளக்கைப் போட்டுவிடும். முன்விளக்கு எரிந்தால் பின்பக்கச் சிவப்பும் கூடவே எரியும். ஓட்டுகிறவனுக்கே தெரியாது. அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவான். அதே சிவப்பு, பிரேக் மிதித்தால் இன்னும் பளிச்சென்று எரியும். ஆனால் வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைகிற கண்ணுக்கு எது மங்கல், எது பளிச் என்று பிடிபடாது. உன்மேல் தப்பில்லை.

இங்கே நாங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறோம். தானாக வருவது சும்மா சிவப்பு. பிரேக்குக்கு வருவது நிஜச் சிவப்பு. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்கண்ணாடியின் நடுவில், மேலே பட்டையாக ஒரு விளக்கு இருக்கும், பார்த்திருப்பாய். அது பிரேக்குக்கு மட்டும்தான் எரியும், வேறு எதற்கும் எரியாது. கீழே இரண்டு மட்டும் எரிந்தால் சும்மா. மேலேயும் சேர்த்து மூன்று எரிந்தால் நிஜம். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடாதே.

மூன்று வரைக்கும் எண்ணத் தெரியும்தானே? பள்ளிக்கூடத்தில் உன் கணக்கு மார்க்கை அப்பாவிடம் மறைத்தவன் நான் என்பதால் கேட்கிறேன்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். காலையிலிருந்து அறுபது வண்டி பார்த்தாயிற்று, வாசலில் இன்னும் வரிசை நிற்கிறது. அவருக்கு வரிசை நகர்ந்தால் போதும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் பல்பு

—

பிப்ரவரி 15

அன்புள்ள பல்புக்கு,

அக்கா சந்தோஷமாக எழுதுவது. இருமல் விட்டதா? வெந்நீர் குடிக்கச் சொன்னால் கேட்க மாட்டாய். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அப்படித்தான் அவர் சொல்கிறார்.

உன் கடிதம் வந்த மறுநாளே பாலத்துக்கு அடியில் சோதித்துப் பார்த்தேன். முன்னால் ஒரு வெள்ளைக் கார். உள்ளே நுழைந்ததும் சிவப்பு வந்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. எண்ணினேன். இரண்டு. "சும்மா" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை, வண்டி ஓட்டும்போது நான் வாய் திறந்து வருஷக்கணக்காயிற்று, மாமா டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

இப்போது அது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பாலம் நெருங்கும்போது அவர் என் பக்கம் திரும்புவார். நான் எண்ணி, சும்மா என்பேன், அல்லது நிஜம் என்பேன். இந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. விரிப்புகள் அடுக்கினபடியே போய்ச் சேருகின்றன. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது அந்த வியாதி. நேற்று ஏதோ கோபத்தில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இது நிஜமா, சும்மாவா என்று கேட்டேன். நெற்றியின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். "மேல் வெளக்கு எரியுதா பாரு," என்றார். எரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தம்பி, நீ எனக்கு என்ன கொடுத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. காது போனதிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையில் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. அது போய்விட்டது.

உன் அக்கா

—

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இந்த மாதம் நான்காம் தேதி நீ அனுப்பிய ஒரு வரிதான் என் கையில் இருக்கிறது. 'ஆக்சிடென்ட். எனக்கு ஒன்றுமில்லை. மாமா உள்ளே இருக்கிறார். எழுதுகிறேன்.' அதற்குப் பிறகு நான் அனுப்பிய எந்த மெசேஜுக்கும் பதில் இல்லை. உங்கள் ஊர்ச் செய்தியைப் போனில் தேடிப் பிடித்தேன். நாலு வரி போட்டிருந்தார்கள். ரயில் பாலத்துக்கு அடியில் நின்ற காரின் பின்னால் சலவை வேன் மோதியது. கார் முன்னால் தள்ளப்பட்டதில் சாலையைக் கடந்துகொண்டிருந்த தையல்காரப் பெண் அந்த இடத்திலேயே இறந்தார். வேனை ஓட்டிய ஆள் கைது.

அக்கா, மாமாவின் கையில் ஏன் வண்டியைக் கொடுத்தாய்? உனக்குக் காய்ச்சலாம், அன்றைக்கு மட்டும் அவர் ஓட்டினாராம், செய்தியில் அப்படிப் போட்டிருக்கிறது. காய்ச்சல் என்றால் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? அவர் வண்டியைத் தொட்டே நாலு வருடம் இருக்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பார். நீ ஓட்டியிருந்தால் அந்த அம்மா இன்றைக்கு யாருக்காவது பட்டன் தைத்துக்கொண்டிருப்பார். இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

லீவு கேட்டேன். கணக்கு வருஷக் கடைசி, வண்டிகள் குவிந்து கிடக்கின்றன, கிடைக்கவில்லை. மூன்று நாள் பயணம் வேறு. நீ ஒரு கடிதம் எழுது. பாதித் திட்டாவது எழுது.

உன் தம்பி

—

ஏப்ரல் 17

தம்பிக்கு,

நலம்தான். மூச்சு வந்து போகிறது.

மாமாவைத் திட்டாதே.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கையில் குடை இருந்தது. முன்னால் போன கார் அந்த அம்மா கடக்கட்டும் என்றுதான் நின்றது. அந்தக் கார்க்காரர் நல்ல மனசுக்காரர். வேன் நிற்கவில்லை. கார்க்காரருக்குக் கழுத்தில் அடி, பிழைத்துக்கொண்டார். பின்னால் யார் வந்தது, எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது.

மாமா சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டது. மேனேஜரும் அன்றைய தாளில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் இப்போது உள்ளே, விரிப்பு மடிக்கிற பிரிவில் இருக்கிறேன். யாரும் என்னை வண்டியிலிருந்து இறக்கவில்லை, நானாகத்தான் சாவியைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்க்கிறேன். நடுவில் தடித்த கண்ணாடி. மற்றவர்கள் அங்கே இருக்கிற ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். எனக்கு அவர் உதட்டைப் பார்த்தால் போதும். காது கேட்காததில் அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு வசதி. அவர் கால் கட்டைவிரலில் புண் வந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்கிறார்.

அக்கா

—

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் காலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல். சர்க்கரைக்காரர்களுக்கு அந்தப் புண் ஆகாது. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

திட்டாதே என்று எழுதியிருக்கிறாய். சரி, திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது அவருக்கும் தெரியும்தானே? தினமும் பாலத்தடியில் விளையாடினீர்கள் என்று நீயே எழுதினாய். மேல் விளக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதுமே. அரை நொடி வேலை. அதைக்கூடச் செய்யாமல் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

வக்கீல் யார்? விளக்குகளைப் பற்றிச் சாட்சி வேண்டுமென்றால் நான் வந்து சொல்கிறேன், லீவு எப்படியாவது வாங்குகிறேன். ஆனால் அவர் என்ன பார்த்தார், என்ன பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுது.

உன் பல்பு

—

ஜூன் 22

தம்பி,

நாற்பது நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நான்தான் ஓட்டினேன். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நல்ல வெயில். முன்னால் பழுப்பு நிறக் கார். பாலத்துக்குள் நுழைந்தது. சிவப்பு வந்தது. மாமா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். நான் எண்ணினேன். இரண்டு. மேலே பார்த்தேன் தம்பி. நிமிர்ந்து பார்த்தேன். அரை நொடி என்று எழுதினாயே, நான் முழுசாகப் பார்த்தேன். மேலே இருட்டாக இருந்தது. "சும்மா" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கார் எங்கள் மேல் வந்துவிட்டது. நாங்கள்தான் அதன்மேல் போனோம், ஆனால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் கை என் முழங்காலில் இருந்தது. தட்டினாரா, சும்மா வைத்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பின்னால் அடுக்கியிருந்த விரிப்பெல்லாம் எங்கள் தலைமேல் சரிந்தது. வெள்ளைத் துணிக்குள் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் என்னை இடுப்போடு பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, என்மேல் ஏறித் தாண்டி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, நான் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "நீ ஓட்டல. நான்தான் ஓட்டுனேன். உனக்குக் காய்ச்சல். புரிஞ்சுதா?" நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் ஓடி வந்தபோது அவர் அந்த இடத்தில் இருந்தார், நான் இந்த இடத்தில் இருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று காரணம் சொன்னார். "காது கேக்காதவகிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்னு சொல்வாங்க. விளக்கப் பத்தி நீ சொல்றத யாரும் காதுல வாங்க மாட்டாங்க. எனக்கு ரெண்டு வருஷம், மூணு வருஷம். போயிட்டு வந்துடுவேன்." அந்த அம்மா எங்கே போய்விட்டு எங்கே வருவார் என்று நான் கேட்டேன்.

மேனேஜருக்கும் இது தெரியும். அன்று காலை நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் மாமா பெயரை எழுதினார். காது கேட்காத பெண்ணை ஓட்டவிட்டார்கள் என்று பேச்சு வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். எல்லாருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை தம்பி. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடிக்கிறேன். ஒவ்வொன்றையும் விரிக்கும்போது அந்தக் குடை தெரிகிறது.

நான் போலீஸில் போய்ச் சொல்லப்போகிறேன். தீர்ப்பு ஆகஸ்ட் மாதம். என்னுடைய பேச்சை மட்டும் வைத்து நம்ப மாட்டார்கள். நீ வர வேண்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான் எழுதிய கடிதங்களை எடுத்துக்கொண்டு வா. நீ எழுதியது என்னிடம் இருக்கிறது. அக்கா தினமும் ஓட்டினாள், எண்ணச் சொல்லிக்கொடுத்தது நான் என்று நீ சொன்னால் போதும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. பிரேக் மிதித்தும் மேல் விளக்கு எரியாமல் போகுமா? அந்தக் காரின் பின்பக்கம் நசுங்கிக் கூழாகிவிட்டது, அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டும். நான் எண்ணியது தப்பா, இல்லை நீ சொன்ன கணக்கே தப்பா? இதைக் கேட்டு உன்னைக் குத்த வேண்டும் என்று எழுதவில்லை. நான் சரியாகப் பார்த்தேனா என்று தெரியாமல் என்னால் தூங்கி எழுந்திருக்க முடியவில்லை.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா

—

ஜூலை 20

தம்பி,

நலமா? இருபத்தெட்டு நாள் ஆயிற்று. கடிதம் கிடைத்தது என்று தபால்காரர் காட்டிய சீட்டில் உன் கையெழுத்து இருக்கிறது.

மாமாவின் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாமல் வந்து நின்றார். ஒன்பது விரலும் நல்லா இருக்கு என்று சொல்லிக் காட்டினார்.

ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

அக்கா

—

ஆகஸ்ட் 9

அக்கா,

நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

எரியாமல் போகும். ஆம்.

எரியாமல் போகும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஜனவரியில் உனக்கு எழுதும்போதே தெரியும். இங்கே பரிசோதனைத் தாளில் இடது விளக்கு, வலது விளக்கு என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. மேல் விளக்குக்குக் கட்டம் இல்லை. வந்த புதிதில் ஒரு வண்டியில் அது செத்துக்கிடப்பதைப் பார்த்து நிறுத்தினேன். சூப்பர்வைசர் வந்தார். "தாள்ல இருக்கா? இல்லல்ல? அப்ப உனக்கு எதுக்குப்பா அது? அனுப்பு," என்றார். அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் ஒவ்வொரு வண்டியாக எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தொன்றில் அது எரியவில்லை. ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. தன் வண்டியின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

பிறகு ஏன் உனக்கு அப்படி எழுதினேன் என்று கேட்பாய். நீ பயந்திருந்தாய். ஒரு வழி சொல் என்று கேட்டாய். 'பெரும்பாலும் எரியும், சில வண்டியில் எரியாது, அதனால் எதற்கும் பிரேக்கை மிதி' என்று எழுதியிருந்தால் அது வழியே இல்லை. உன் தம்பிக்கு எல்லாம் தெரியும் என்று நீ நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் அக்கா. அதற்காகத்தான். கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று எழுதினேன்.

நீ எண்ணியது சரி. நீ சரியாகத்தான் பார்த்திருப்பாய். அந்தப் பழுப்பு நிறக் காரையும் என்னை மாதிரி ஒருவன் பார்த்து அனுப்பியிருப்பான்.

மாமாவைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

நீ தனியாகப் போலீஸுக்குப் போகாதே. நான் வருகிறேன். இருபத்தைந்தாம் தேதிக்கு லீவு கேட்டிருக்கிறேன். உன் கடிதங்களையும் கொண்டுவருகிறேன். எல்லாவற்றையும் என் வாயால் சொல்கிறேன், கட்டம் இல்லாததையும் சேர்த்து. என்னை நம்பு.

உன் தம்பி

—

செப்டம்பர் 14

அன்புள்ள பல்புக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? இருமலோடு மூன்று நாள் பயணம் கிளம்பவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். காரணம் எழுத வேண்டாம்.

தீர்ப்பை ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி என்று வைத்துவிட்டார்கள். அதனால் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மறுநாள் அதையும் ஜனவரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். இரண்டையும் பொறுமையாகப் படித்தார். நான் சொன்னதையும் கேட்டார். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது, அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதி என் முன்னால் நகர்த்தினார். அதை இதில் அப்படியே எழுதுகிறேன்:

'அம்மா, உங்கள் கணவர் மேல் நீங்கள் வைத்திருக்கும் பாசம் புரிகிறது. இங்கே வருகிற எல்லா மனைவிகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். தம்பியும் நன்றாகவே எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் போங்கள்.'

நான் விடவில்லை. தீர்ப்பு நாளன்று கோர்ட்டு நடையில் மாமாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாக அவரை அங்கே அழைத்துப் போனேன். "அவரையே கேளுங்க," என்றேன். மாமாவிடம், "சொல்லுங்க. ஓட்டுனது யாரு? சொல்லுங்க," என்றேன். மாமா என்னைப் பார்த்தார். நான் என் நெற்றியின் நடுவில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. அவர் ஒருவருக்குத்தான் அது புரியும்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே பேசினார். பன்னிரண்டு வருடத்தில் முகத்தைக் காட்டாமல் அவர் பேசியது அன்று ஒரு நாள்தான். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் முதுகும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. அவர் பேசி முடிக்கும்வரை இன்ஸ்பெக்டரின் பேனா அசையவே இல்லை. பிறகு அதை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு வருடம். இரண்டு, மூன்று என்று அவர் போட்ட கணக்கும் தப்பு.

தீர்ப்புக்குப் பிறகும் இருபத்தைந்தாம் தேதி காலையில் போய் ரயிலடியில் நின்றேன். நீ வந்தால் தையல்கார அம்மாவின் வீட்டுக்காவது இரண்டு பேருமாகப் போய் உள்ளதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். கடைசிப் பெட்டிக்காரர்கள் இறங்கும்வரை நின்றேன். 'வருகிறேன்' என்று எழுதியிருந்தாய். அது சும்மா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்மேல் கோபமில்லை. கோபப்படத் தெம்பில்லை. அந்த வீட்டுக்கு நான் மட்டும் போனேன். கதவைத் திறந்த பெண் நான் சொன்னதைக் கேட்டாள். அவளும் இன்ஸ்பெக்டர் மாதிரியே என்னை இரக்கத்தோடு பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிஜத்தைச் சொன்னேன் தம்பி. ஒருவர்கூட நிற்கவில்லை.

என் லைசென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. மேனேஜர் மறுபடியும் வேனை எடுக்கிறாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன். அது அந்தப் பாலத்துக்கு அடியில்தான் போகிறது. முன்வரிசையில் இடம் கிடைத்தால் கண்ணாடி வழியாகக் கார்கள் தெரியும். ஒவ்வொன்றாக இருட்டுக்குள் நுழைகின்றன, ஒவ்வொன்றிலும் சிவப்பு வருகிறது. நான் எண்ணுவதில்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனால் என் வலது கால் பஸ்ஸின் தரையை மிதிக்கிறது. சும்மாவுக்கும் மிதிக்கிறது, நிஜத்துக்கும் மிதிக்கிறது. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என் காலைப் பார்க்கிறார்கள். பஸ் போய்க்கொண்டே இருக்கிறது.

வெந்நீர் குடி.

உன் அக்கா